எனக்குப் பதில் ஆள் வந்த கதை

அன்பு மகளுக்கு,

அம்மா எழுதுவது. இங்கே நான், உன் அப்பா, பாய்லர் மூவரும் சுகம். அங்கே நீ, மாப்பிள்ளை, உள்ளேயிருந்து உதைக்கிற ஆள் மூவரும் சுகமாக இருக்கவேண்டும். நேற்றுத்தானே போனில் பேசினோம், இன்றைக்கு எதற்குக் கடிதம் என்று கேட்பாய். போனில் நீ மூக்கை உறிஞ்சினால் போதும், நான் எதற்கும் சரி சரி என்று தலையாட்டிவிடுகிறேன். கடிதத்தில் அந்த வம்பில்லை, நான் சொல்லி முடிக்கும்வரை நீ குறுக்கே பேச முடியாது. பிரசவத்துக்கு அம்மாவுக்கு லீவு கிடைத்ததா இல்லையா என்று கடைசிப் பக்கத்துக்குத் தாவாதே, வரிசையாகப் படி. உன் அப்பா குக்கர் வைக்கப் பழகிவிட்டார். விசில் வந்தால் மட்டும் இன்னும் கூடத்துக்கு ஓடிவிடுகிறார். ஊரெல்லாம் தன் மனைவி ஆயிரம் குக்கரைக் கட்டி மேய்க்கிறவள் என்று பீற்றிக்கொள்கிறவர் ஒரு குக்கருக்கு இந்தப் பாடு படுகிறார்.

என் பாடு உனக்குத் தெரியும். ஆஸ்பத்திரி பாய்லரில் நீராவி இருக்கிறவரை சான்றிதழ் வாங்கிய ஒருவர் பக்கத்திலேயே இருக்கவேண்டும், அதுதான் சட்டம். சலவைக்கூடத்துத் துணியும், ஆபரேஷன் கத்தி கத்தரிக்கோலும் அந்த நீராவியில்தான் வேகின்றன. சான்றிதழ் உள்ளவர்கள் நாங்கள் மூன்றே பேர். ஒருவர் ரிட்டயர்டு. இரண்டு தடவை மாலை போட்டு அனுப்பி, இரண்டு தடவையும் ஆள் கிடைக்காமல் திரும்பக் கூப்பிட்டுக்கொண்டார்கள், அதனால் தினமும் வேலைக்கு வருகிறவருக்கு ரிட்டயர்டு என்றே பெயர் நிலைத்துவிட்டது. அடுத்தது மீசை. மீசையை எடுத்து வருஷக்கணக்காகிறது, பெயரை எடுக்க முடியவில்லை. மூன்றாவது நான். எங்களில் இளையவர் மீசை, அவருக்கே பேத்தி இருக்கிறாள். சின்னப் பையன்கள் ஏன் வருவதில்லை என்று நிர்வாகி எங்களிடம் கேட்கிறார். வருஷக்கணக்கில் உதவியாளாக வெந்தால்தான் பரீட்சையே எழுத விடுவார்கள், எழுதித் தேறினால் பால் கம்பெனியும் காகித மில்லும் நம் ஆஸ்பத்திரியைவிடக் கூடக் கொடுத்துக் கொத்திக்கொண்டு போய்விடும், பிறகு யார் வருவார்கள். நாலாவதாக இருந்தவனும் அப்படித்தான் போனான். அன்றிலிருந்து எங்கள் மூவரில் யாருக்கும் சேர்ந்தாற்போல லீவு கிடையாது.

நீ நாள் சொன்னதும் நான் நிர்வாகியிடம் போய் நின்றேன். ஆளைக் கொண்டுவாங்க, லீவை எடுத்துக்கங்க என்று சொல்லிவிட்டார். அன்றிலிருந்து எனக்கு மாப்பிள்ளை தேடுகிற வேலை, உனக்குக்கூட இவ்வளவு தேடவில்லை. முதலில் ஒருவன் வந்தான், ஆள் வாட்டசாட்டம், சட்டையெல்லாம் மடிப்புக் கலையாமல். பாய்லரில் தண்ணீர் மட்டம் காட்டுகிற கண்ணாடியில் தண்ணீரே தெரியவில்லை, என்ன செய்வாய் என்று கேட்டேன். உடனே தண்ணியத் திறந்து விட்டுருவேன் மேடம் என்றான். ஷிஃப்ட் மாற வந்திருந்த மீசை எழுந்து வாசலருகே போய் நின்றுகொண்டார். அடுப்பில் காய்ந்து சிவந்த சட்டியில் சொம்புத் தண்ணீரைக் கொட்டினால் எப்படியோ அப்படித்தான் இதுவும், கட்டடமே மிஞ்சாது. இன்னொருவனுக்கு பாய்லரைவிட கான்டீன் எத்தனை மணிக்குத் திறக்கும் என்பதில்தான் அக்கறை. உன் நாள் நெருங்குகிறது, இங்கே ஒரு ஆளும் தேறவில்லை. அந்த வாரம்தான் நீ போனில், வேலையை விட்டுட்டு நிரந்தரமா இங்கயே வந்துடும்மா, அப்படி என்னதான் தர்றாங்க அங்க என்றாய். மாப்பிள்ளையும் பக்கத்திலிருந்து, அத்தை சம்பளத்தை நானே தர்றேன் என்றார். தங்கமான மனிதர். ஷிஃப்ட் எத்தனை மணி நேரம், வார விடுமுறை உண்டா என்று மட்டும் அவரிடம் கேட்டு வை. விளையாட்டுக்குச் சொல்கிறேன், ஆனால் முழுக்க விளையாட்டு இல்லை.

பிறகு ஒரு பெண் வந்தாள். உன்னைவிடச் சின்னவள், கெட்டிக்காரி, பால் கம்பெனியில் உதவியாளாக இருந்து பரீட்சையில் முதல் தடவையே தேறியவள். அங்கே அவளைத் தனியாக ஒரு ஷிஃப்ட் பார்க்க விடவில்லையாம், பொண்ணு, ஏதாச்சும் ஆயிட்டா யாரு பதில் சொல்றது என்றார்களாம். நிர்வாகிக்கு அலுத்துவிட்டது, மூணு பேருமா பாத்துச் சொல்லுங்க, நான் கையெழுத்துப் போடறேன் என்று அவளை என் ஷிஃப்டில் பாய்லர் அறைக்கே அனுப்பிவிட்டார். ரிட்டயர்டும் மீசையும் வந்து உட்கார்ந்த பிறகுதான் எனக்கு உறைத்தது, இத்தனை வருஷத்தில் நாங்கள் மூவரும் ஒரே நேரத்தில் ஓர் அறையில் இருந்ததே இல்லை. ஒருவர் பாய்லரோடு இருந்தால் ஒருவர் தூங்குவார், ஒருவர் பஸ்ஸில் இருப்பார். மாறுகிற நேரத்தில் இரண்டு பேர் பார்த்துக்கொள்வோம், தண்ணி சரி, பிரஷர் சரி, டீ மேஜைமேல, அவ்வளவுதான் பேச்சு. அந்தப் பெண்ணிடம் அதே கேள்வியைக் கேட்டேன். முதல்ல தீயை நிறுத்துவேன், தண்ணியத் தொட மாட்டேன், அப்புறம் உங்களைக் கூப்பிடுவேன்கா என்றாள். இந்த வயதில் அக்கா என்று அழைத்ததற்கே பாதி வேலையைக் கொடுத்திருப்பேன். எங்களுக்கெல்லாம் திருப்தி. கடைசியில் நீ ஏதாவது கேட்கவேண்டுமா என்றேன். கேட்டாளே ஒரு கேள்வி. எனக்கு இவ்வளவு தர்றதாச் சொல்லியிருக்காங்க, உங்க மூணு பேருக்கும் எவ்வளவுக்கா?

அவளுக்குச் சொன்ன தொகை என் சம்பளத்தைவிடக் கூடுதல். மீசை கூரையைப் பார்த்தார், ரிட்டயர்டு மூக்குக்கண்ணாடியைத் துடைத்தார், நான் தரையைப் பார்த்தேன். விஷயம் என்னவென்றால், ஒவ்வொரு சம்பள உயர்வின்போதும் நிர்வாகி என்னைத் தனியே கூப்பிட்டு, உங்களுக்கு மட்டும் கொஞ்சம் கூடப் போட்டிருக்கேன், மத்தவங்களுக்குத் தெரிய வேணாம் என்பார். பாவம், ஆண்பிள்ளைகள், குடும்பம் நடத்துகிறவர்கள், தெரிந்தால் வருத்தப்படுவார்கள் என்று நான் வாயைத் திறந்ததில்லை. மனசு கேட்காமல்தான் அவர்களுக்குப் பிஸ்கட் வாங்கி வைத்தேன். அன்றைக்கு வேறு வழியில்லாமல் மூவரும் தொகையைச் சொன்னபோதுதான் தெரிந்தது, மீசையையும் தனியே கூப்பிட்டு அதையேதான் சொல்லியிருக்கிறார், ரிட்டயர்டையும் விடவில்லை. பாவம் அக்கா என்று மீசை என் ஷிஃப்டின் சாம்பலையும் சேர்த்து அள்ளிப் போட்டிருக்கிறார். பாவம் ரெண்டு பேரும் என்று ரிட்டயர்டு தினமும் சொந்தக் காசில் டீ வாங்கி வைத்திருக்கிறார். மூவருக்கும் ஒரே சம்பளம்! ஒருவரையொருவர் பரிதாபப்பட்டே வருஷங்களை ஓட்டியிருக்கிறோம். முதலில் சிரித்தது யார் என்று நினைவில்லை, நிறுத்த மட்டும் முடியவில்லை. அந்தப் பெண் பயந்துபோய் பிரஷர் மீட்டரைப் பார்த்தாள்.

சிரித்து முடித்ததும் எனக்குக் கோபம் வந்தது, நிர்வாகிமேல் பாதி, அவள்மேல் பாதி. வாயை மூடிக்கொண்டு சேர்ந்திருந்தால் என் லீவு உறுதியாகியிருக்குமே. அவளோ எல்லாருக்கும் ஒரே அளவு இல்லேன்னா நான் சேர மாட்டேன் என்று உட்கார்ந்துவிட்டாள். மூவரும் நிர்வாகி அறைக்குப் போனால் பாய்லரை யார் பார்ப்பது, அதனால் அவரைக் கீழே வரச் சொன்னோம். கோட்டோடு வந்தார். அன்றைக்கு சேஃப்டி வால்வைத் திறந்து சோதிக்கிற நாள். நாங்கள் வேண்டுமென்றே அந்த நேரத்தில் கூப்பிட்டோம் என்று சொல்லிக்கொண்டு திரிகிறார், அதைப்பற்றி நான் ஒன்றும் எழுதப்போவதில்லை. வால்வு போட்ட சத்தத்தில் துள்ளிக் குதித்தவர் அடங்கியதும் வேர்வையைத் துடைத்துக்கொண்டு, இப்படி மிரட்டினா அந்தப் போஸ்டையே ரத்து பண்ணிடுவேன் என்றார். எனக்கு உயிரே போய்விட்டது. உன் முகம்தான் கண்ணில் வந்தது. சம்பளமும் வேண்டாம் ஒன்றும் வேண்டாம், இவளை எடுத்தால் போதும் என்று சொல்ல வாயைத் திறந்தேவிட்டேன். அதற்குள் ரிட்டயர்டு நிதானமாக எழுந்து, சரிங்க சார், அப்ப நான் மூணாவது தடவையா ரிட்டயர் ஆயிக்கறேன், மாலை வேண்டாம், போன மாலைக்கே இன்னும் தும்மிக்கிட்டிருக்கேன் என்றார். இரண்டே பேரை வைத்துக்கொண்டு மூன்று ஷிஃப்ட் ஓட்ட முடியாது, பாய்லர் அணைந்தால் ஆபரேஷன் நிற்கும். நிர்வாகி கோட்டைக் கழற்றினார். கொஞ்ச நேரத்தில் நால்வருக்கும் அவளுக்குச் சொன்ன அதே சம்பளம் என்று எழுதிக் கொடுத்துவிட்டு மேலே ஓடினார்.

இப்போது உனக்கான செய்தி. லீவு கிடைத்துவிட்டது, நீ சொன்ன நாளுக்கு முன்னமே வருகிறேன். நிரந்தரமாக வரவில்லை. குழந்தைக்குத் தலை நிற்கிறவரை இருப்பேன், பிறகு திரும்பிவிடுவேன், திரும்புகிற டிக்கெட்டும் எடுத்தாயிற்று. உன்மேல் பாசம் குறைவென்று நினைத்து அழாதே. சம்பளம் பேசி முடித்த பிறகும் அந்தப் பெண் போகாமல் நின்றாள். என்னம்மா இன்னும் என்றேன். நான் இதுவரைக்கும் வேலை பாத்த இடத்துல எல்லாம் நான் ஒருத்திதான் பொண்ணுக்கா, நீங்க திரும்பி வருவீங்கல்ல, வர மாட்டீங்கன்னா இப்பவே சொல்லிடுங்க, நான் பால் கம்பெனிக்கே போயிடறேன் என்றாள். நான் பரீட்சை எழுதிய கூடத்தில் புடவை கட்டியவள் நான் ஒருத்திதான் என்று உனக்குச் சொல்லியிருக்கிறேன். அவளுக்கு வேறு பதில் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

இரும்புச் சத்து மாத்திரையை விழுங்கு, மாப்பிள்ளைக்குத் தெரியாமல் தொட்டிச் செடிக்குப் போடாதே. பிரசவ லீவு முடிந்ததும் உன் வேலைக்குப் போ, யார் சொன்னாலும் அதை விடாதே, பக்கத்து மேஜைக்காரருக்கு என்ன சம்பளம் என்று மட்டும் கேட்டு வை. உனக்கும் உன் வயிற்றுக்கும் நூறு ஆயுசு. இரண்டு பெண்களுக்கு வாக்குக் கொடுத்திருக்கிறேன், உனக்கு வருவேன் என்று, அவளுக்குத் திரும்பி வருவேன் என்று. இரண்டையும் காப்பாற்ற விடு, கண்ணு.

இப்படிக்கு,
பகல் ஷிஃப்டிலிருந்து,
உன் அம்மா