ஆறாம் நம்பர் தூண்

என் சின்னக்குட்டிக்கு அப்பா சொல்லி, உன் அண்ணி எழுதுவது. இங்கே எல்லோரும் உடம்பளவில் சுகம். நீயும் மாப்பிள்ளையும், பெரியவளும், பிறந்து ஒரு மாதம் ஆன குட்டிப்பயலும், பிரசவம் பார்க்க வந்த உன் அம்மாவும் அங்கே சுகமாக இருப்பீர்கள் என்ற நம்பிக்கையில்தான் மற்றதைச் சொல்லத் துணிகிறேன். போனில் சொல்லலாம் என்று நேற்று இரண்டு தடவை கூப்பிட்டேன். இரண்டு தடவையும் உன் அம்மாதான் எடுத்தாள், மாத்திரை போட்டாயா என்று கேட்டாள், போட்டேன் என்று சொல்லி வைத்துவிட்டேன். அதனால் இந்தக் கடிதம். உன் அண்ணன் இதைப் படம் பிடித்து உனக்கு அனுப்புவான், இன்றைக்கே வந்துவிடும். தனியாக உட்கார்ந்து படி. குழந்தைக்குப் பால் கொடுக்கும் நேரத்தில் படிக்காதே.

ரயில் பாலம் உடைந்து ஆற்றில் விழுந்த வருஷம் அது. அதே வருஷம் வால் நட்சத்திரம் தெரிகிறது என்று ஊரே கழுத்து வலிக்க மேலே பார்த்தது. மண்ணெண்ணெய்க்கு வரிசையில் நின்றோம், உன் அண்ணனுக்கு முன்பல் விழுந்தது, நீ இன்னும் பிறக்கவில்லை. அந்த வருஷம்தான் இப்போது நாங்கள் குடியிருக்கும் இந்தக் கட்டடத்துக்கு அடித்தளம் போட்டோம். நான் கொத்தனார், உன் அம்மா அங்கேயே சித்தாள். பன்னிரண்டு தூண்கள், ஒவ்வொன்றின் காலடியிலும் சிவப்பு பெயிண்டில் நம்பர். தளம் போடுவதற்கு முன்னால் பலகையைப் பிரித்தபோது ஒரு தூணில் ஜல்லி தனியாக, கலவை தனியாக நின்று தேன்கூடு மாதிரி பொந்து விழுந்திருந்தது. கண்ணாடி போட்ட இன்ஜினியர் ஒருவர் வருவார், அவர் பார்த்துவிட்டார். மேஸ்திரி அந்த வாரம் முழுக்கத் தங்கையின் பிரசவத்துக்குப் போயிருந்தார். முதலில் கண்ணில் பட்ட ஆள் நான். ஒரு துண்டுச் சீட்டில் நம்பரை எழுதி வட்டம் போட்டு, "இந்த நம்பர் தூணை உடைச்சு புதுசா வார்க்கணும், மேஸ்திரி வந்தா குடு, வராட்டி நீயே ஆரம்பி, புரிஞ்சுதா?" என்றார். புரிந்தது என்று தலையை ஆட்டினேன். எழுத்து தெரியாது என்று சொல்ல வாய் வரவில்லை. எனக்கு அப்போது ஞாபகம் நன்றாக இருக்கும், இப்போதும் இருக்கிறது, எந்த வடிவத்தையும் ஒருமுறை பார்த்தால் மறக்க மாட்டேன், அதை வைத்தே ஊரை ஏமாற்றிக்கொண்டிருந்தேன். சீட்டைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன். மறுநாள் காலை எடுத்துப் பார்த்து, அதே வடிவம் எந்தத் தூணின் காலில் இருக்கிறது என்று தேடி, ஒன்பதாம் நம்பரின் முன்னால் போய் நின்றேன்.

கூட வேலை செய்த வாயாடி, அவனுக்கு அதுதான் பேர், சம்மட்டியால் ஒரு தட்டு தட்டிவிட்டு, "யோவ், இது கல்லு மாதிரி கணீர்னு இருக்குய்யா, இதப் போயி எவனாவது உடைப்பானா?" என்றான். நான், "இன்ஜினியருக்குத் தெரியுமா, உனக்குத் தெரியுமா? எழுதியே குடுத்திருக்காரு" என்று சீட்டை அவன் மூக்குக்கு நேராக நீட்டினேன். அவனுக்கும் எழுத்து தெரியாது, வாங்கி வைத்துப் படிக்கிற மாதிரி உதட்டை அசைத்துவிட்டு, "ஆமாமா, சரிதான்" என்றான். நானும் அவனும், கூட இருந்த இன்னொரு கொத்தனார் நெட்டையனும் மூன்று நாள் உடைத்தோம். சரியான தூண், கை எல்லாம் கொப்புளம். இந்தப் பக்கம் உன் அம்மா, பொந்து விழுந்த ஆறாம் நம்பரைக் காட்டி, "இதென்ன இப்படி இருக்கு, இதை இன்ஜினியர் பாத்தாரா?" என்று கேட்டாள். "பாத்துட்டுதான் அந்தத் தூண உடைக்கச் சொன்னாரு. இது பரவாயில்லபோல, நீ அடைச்சு மூடிடு" என்று சொன்னது நான். என் வாயால் சொன்னேன். அவள் உடைந்த செங்கல்லும் கலவையும் கையால் உள்ளே திணித்து அடைத்தாள், நெட்டையன் அதன்மேல் பூசினான். அடுத்த வாரம் கண்ணாடி இன்ஜினியரை வேறு வேலைக்கு மாற்றிவிட்டார்கள். புதிதாக வந்தவர், ஒரு தூண் புதிதாக வார்த்திருப்பதைப் பார்த்து, எழுதிக் கொடுத்தபடி ஆகிவிட்டது என்று தாளில் டிக் போட்டுவிட்டுப் போனார். மேலே மூன்று மாடி ஏறியது.

எப்போது எனக்குத் தெரிந்தது என்று கேட்பாய். உன்னால்தான் தெரிந்தது. நீ ஒன்றாம் வகுப்பு. வீட்டுத் தரையில் சாக்பீஸால் நம்பர் எழுதிக்கொண்டிருந்தாய். நான் சாப்பிட உட்கார்ந்தேன். நீ என் எதிர்ப்பக்கம் வந்து நின்று, "அப்பா, இங்கேர்ந்து பாத்தா ஆறு, அங்கேர்ந்து பாத்தா ஒம்போது, நான் கண்டுபுடிச்சேன்!" என்று குதித்தாய். எனக்குப் புரையேறிவிட்டது. உன் அம்மா முதுகில் தட்டித் தண்ணீர் கொடுத்தாள். சீட்டைத் தலைகீழாகப் பிடித்திருக்கிறேன். மறுநாள் வேலைக்குப் போகாமல் அந்தக் கட்டடத்துக்குப் போனேன். ஆள் குடிவந்து மாடியெல்லாம் துணி காய்ந்துகொண்டிருந்தது. ஆறாம் நம்பர் தூணுக்கு வெளிர்மஞ்சள் அடித்து, அதில் ஒரு காலண்டர் மாட்டியிருந்தார்கள். கையை வைத்துப் பார்த்தேன். யாரிடம் போய் என்ன சொல்வது? வேலை போகும், ஜெயில் வரும், அதைவிட, படிக்கத் தெரியாத பயல் என்று நாலு பேர் முன்னால் ஆகும். வந்துவிட்டேன். அன்றிலிருந்து யாருக்கும் சொல்லவில்லை. பதினோரு வருஷத்துக்கு முன்னால் உன் அண்ணன் ஊரில் இருக்கிற வீட்டையெல்லாம் விட்டுவிட்டு இதே கட்டடத்தில் இரண்டாவது மாடியை வாங்கப் போகிறேன் என்றான். படி செங்குத்தாக இருக்கிறது, காற்று வராது, பக்கத்தில் சாக்கடை என்று நான் சொன்ன பொய்க்குக் கணக்கே இல்லை. "நீங்க கட்டின வீடுப்பா, அதுல இருக்கறது உங்களுக்குப் பெருமை இல்லையா" என்றான். அப்புறம் நாங்களும் கூடவே குடிவந்தோம். வந்த நாளிலிருந்து தினமும் கீழே லிஃப்டுக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கிறேன். வாட்ச்மேன் தாத்தா என்று குழந்தைகள் பேர் வைத்துவிட்டன. நான் பார்த்துக்கொண்டிருந்தது அந்தத் தூணைத்தான்.

இந்த வருஷம் மழைக்குப் பிறகு எங்கள் மாடியில் டாக்டர் வீட்டுக் கதவு இறுகிக்கொண்டது, உத்தரத்தில் சாய்வாக ஒரு கோடு விழுந்தது. குடியிருப்போர் சங்கத்தில் பேசி, சூட்டைப் படம் பிடிக்கிற கேமரா வைத்திருக்கிற ஒரு பெண்ணை வரவழைத்தார்கள். உன் வயசுதான் இருக்கும். கையில் அடங்குகிற சாமான், சுவரைக் காட்டினால் சூடான இடம் மஞ்சளாக, குளிர்ந்த இடம் நீலமாகத் தெரிகிறது. மூன்றாம் மாடி குளியலறைச் சுவரில் ஒன்றுமே தெரியாத இடத்தில் நீலமாக ஒன்று இறங்கியிருந்தது, உடைத்துப் பார்த்தால் உள்ளே குழாய் கசிகிறது. மீட்டர் பெட்டியில் ஒரு ஒயர் படத்தில் வெள்ளையாக எரிந்தது, எலக்ட்ரீசியன் தொட்டுப் பார்த்துக் கையை உதறினான். அதோடு எல்லோருக்கும் அவள் மேல் நம்பிக்கை வந்துவிட்டது. நான் நாற்காலியை விட்டு எழுந்து அவள் பின்னாலேயே போனேன். சாயங்கால வெயிலை வாங்கி நிற்கிற வெளித்தூண்களை ஒவ்வொன்றாகக் காட்டிக்கொண்டு வந்தாள். ஒன்பதாம் நம்பரில் நிறம் மாறி ஒரு பட்டை தெரிந்தது, பழசும் புதுசும் சேருகிற இடம். ஆறாம் நம்பர் வெயிலே படாமல் உள்ளே நிற்கிறது, அதில் அடிமுதல் நுனிவரை ஒரே நிறம், ஒரு குற்றமும் இல்லாத பிள்ளை மாதிரி. அந்தப் பெண், "இது மேல் சூட்டைத்தான் காட்டும், நிறம் மாறினா கெட்டதுன்னு அர்த்தமில்ல, இன்ஜினியர் வரட்டும்" என்று படித்துப் படித்துச் சொன்னாள். சங்கச் செயலாளர் இருக்கிறாரே, எதைக் கேட்டாலும் முத்திரை குத்துகிறவர், அவர் காண்ட்ராக்டரைக் கூப்பிட்டுப் படத்தைக் காட்டினார். காண்ட்ராக்டர், "அதான் படத்துலயே கத்துதே, வியாழக்கிழமை உடைச்சுப் பாத்துடுவோம்" என்றான்.

புதன்கிழமை நான் எப்படி இருந்தேன் என்று சொல்ல மாட்டேன். உன் அண்ணி இங்கே எழுதுவதை நிறுத்திவிட்டு என் முகத்தைப் பார்க்கிறாள். எழுதும்மா என்று சொன்னேன், எழுதுகிறாள். வியாழன் காலை பத்து மணிக்கு உடைக்கிற மிஷினோடு வந்தார்கள். ஆறு வெறும் மூளி, அதன் பாரத்தையும் இத்தனை வருஷமாகத் தாங்குவது ஒன்பதுதான் என்பது எனக்குத் தெரியும், அதில் கை வைத்தால் என்ன ஆகும் என்பதும் தெரியும். மேலே மாடியில் இரண்டு கைக்குழந்தைகள், நடக்க முடியாத ஒரு டீச்சரம்மா. மிஷின் ஒரு தடவை உறுமியது, பூச்சு உதிர்ந்தது. நான் போய்த் தூணைக் கட்டிக்கொண்டு நின்றுவிட்டேன். காண்ட்ராக்டர் மிஷினை நிறுத்தச் சொல்லிவிட்டு, "என்ன தாத்தா, தூணுக்கு முத்தம் குடுக்கறீங்களா, தள்ளுங்க, தூசி" என்றான். செயலாளர், "பெரியவருக்கு வெயில் ஏறிடுச்சு, யாராவது மோர் குடுங்க" என்றார். உன் அண்ணன் ஓடிவந்து, "அப்பா, மானத்த வாங்காதீங்கப்பா" என்று என் தோளைப் பிடித்து இழுத்தான். நான் சொன்னேன், "இத ஏற்கெனவே ஒருதடவ உடைச்சவன் நான். உடைக்க வேண்டியது இது இல்ல, ஆறு. எனக்குப் படிக்கத் தெரியாது, சீட்ட தலகீழாப் புடிச்சேன்." உன் அண்ணன் கை என் தோளிலிருந்து தானாக இறங்கியது. செயலாளர், "ஆறு நல்லாருக்குன்னு படமே சொல்லுதே" என்றார்.

கேமராப் பெண் மட்டும் என் பக்கத்தில் வந்து, "எந்த உயரத்துல தாத்தா?" என்று கேட்டாள். இடுப்புக்கு நேரே, லிஃப்டைப் பார்த்த பக்கம் என்று கை வைத்துக் காட்டினேன். அவள் காண்ட்ராக்டரிடமிருந்த இரண்டு ஃபோகஸ் லைட்டை வாங்கி அந்த இடத்தில் நெருக்கி வைத்துப் போட்டாள். கெட்டியான தூணாக இருந்தால் சூட்டை உள்ளே இழுத்துக்கொள்ளும், பின்னால் வெற்றிடம் இருந்தால் சூடு போக வழியில்லாமல் தோலிலேயே நிற்கும், இருபது நிமிஷம் பொறுங்கள் என்றாள். அந்த இருபது நிமிஷம் நான் இரண்டு விதமாகவும் வேண்டிக்கொண்டேன். ஒன்றும் தெரியாவிட்டால் மறுபடி ஒன்பதை உடைப்பார்கள். தெரிந்துவிட்டால் முப்பத்தெட்டு வருஷமாக நான் இந்த ஜனங்களை எதன் கீழே தூங்க வைத்தேன் என்பது தெரியும். லைட்டை அணைத்துக் கேமராவைப் பிடித்தாள். முதலில் எல்லாம் மஞ்சள். மெல்ல மெல்லச் சுற்றிலும் நீலம் இறங்க, நடுவில் மட்டும் மஞ்சள் இறங்காமல் நின்றது. ஒரு ஆள் குனிந்து உட்கார்ந்திருக்கிற அளவு. காண்ட்ராக்டர் சுத்தியல் காம்பால் அங்கே தட்டினான், பெட்டியைத் தட்டின மாதிரி டொக்கென்றது. அவன் மிஷினின் ஒயரைத் தானே போய்ப் பிடுங்கினான். அந்தப் பெண் போனை எடுத்துக்கொண்டே, "எல்லாரையும் கீழ இறக்குங்க, லிஃப்ட் வேணாம், படியில" என்றாள். அரைமணியில் கட்டடம் காலி. டீச்சரம்மாவை நாற்காலியோடு உன் அண்ணனும் காண்ட்ராக்டரும் தூக்கி வந்தார்கள்.

இப்போது நாங்கள் எதிர்த்த தையற்கடையில் இருக்கிறோம். துணி வெட்டுகிற மேஜையில் வைத்துத்தான் அண்ணி எழுதுகிறாள். தையற்காரர் மிஷினை ஓட்டாமல் நானும் கேட்கிறேன் என்று உட்கார்ந்திருக்கிறார், கேட்கட்டும். எதிரே இரும்பு முட்டுகளை உள்ளே தூக்கிக்கொண்டு போகிறார்கள். உன் அண்ணன் நேற்றிலிருந்து என்னோடு பேசவில்லை, ஆனால் காலையில் என் செருப்பைத் தேடி எடுத்துவந்து போட்டான். பெரிய இன்ஜினியர் வந்து படத்தைப் பார்த்தார். அகலமும் உயரமும் கேமரா காட்டிவிட்டது, ஆழம் எவ்வளவு என்று அதற்குத் தெரியாது என்கிறார். விரலளவு என்றால் ஒரு மாதிரி முட்டு, பாதித் தூணுக்கு மேல் போயிருந்தால் வேறு மாதிரி, துளை போட்டுப் பார்க்கக்கூட யோசிக்கிறார். "அடைச்ச ஆளு யாராவது இருக்காங்களா பெரியவரே?" என்று கேட்டார். அதை அடைத்த நேரத்தில் நான் ஒன்பதாம் நம்பரை உடைத்துக்கொண்டு முதுகைக் காட்டி நின்றேன், பார்க்கவில்லை.

குழந்தைக்குக் காதில் தண்ணீர் போகாமல் குளிப்பாட்டுங்கள். ஈரத்தரையில் வெறுங்காலோடு நிற்காதே, பிள்ளை பெற்ற உடம்பு. உன் அண்ணனுக்கு நீயே ஒரு போன் போட்டு நாலு வார்த்தை பேசு. நீங்கள் எல்லோரும் நோய் நொடி இல்லாமல், வாயில் வந்ததை மறைக்காமல் சொல்லுகிறவர்களாக நீண்டநாள் இருக்க வேண்டும் என்பது என் ஆசீர்வாதம். ஒன்றை மட்டும் இன்றைக்கே செய்ய மறந்துவிடாதே. கை மணிக்கட்டு வரை உள்ளே போனதா, முழங்கை வரையா, தோள் வரையா என்று கேட்க வேண்டும், பக்கத்தில் உட்கார்ந்து, கையைப் பிடித்துக்கொண்டு, உன்மேல் தப்பு ஒன்றும் இல்லை, அடைக்கச் சொன்னது அப்பாதான் என்று முதலில் சொல்லிவிட்டு அப்புறம் கேள். மேஸ்திரி நீ பிறந்த வருஷமே போய்விட்டார். கண்ணாடி இன்ஜினியர் போனதை உன் அண்ணி பேப்பரில் படித்துச் சொன்னாள். பூசின நெட்டையன் மஞ்சள் காமாலையில் போனான். வாயாடி போன கோடையில் மகள் வீட்டில் பேசிக்கொண்டே போனான். அந்தப் பொந்தின் ஆழத்தைச் சொல்ல இன்றைக்கு உயிரோடு இருப்பது, உள்ளே கை விட்டு அடைத்த உன் அம்மா ஒருத்திதான்.

இப்படிக்கு,
அப்பா
(என் பெருவிரல் ரேகை)