அப்பாவின் ஜீப்பைக் கேட்டு வந்தவர்கள்

அன்பு மகள் பவித்ராவுக்கு,

அம்மாவின் ஆசிகள். உன் அப்பாவின் இடது முழங்கால் ஒன்று நீங்கலாக இங்கே எல்லோரும் நலம். அந்த அயர்லாந்துக் குளிரில் நீயும் காதை மூடிக்கொண்டு நலமாக இருப்பாய் என்று நம்புகிறேன். போனில் சொல்லியிருக்கலாம், ஆனால் நான் போனை எடுத்தாலே உன் அப்பா பக்கத்தில் வந்து உட்கார்ந்து பேப்பர் படிப்பதுபோல் நடிப்பார். அதனால் எழுதி, ஏலக்காய்ப் பொட்டலத்தோடு வைத்து அனுப்புகிறேன். பயப்படாமல் படி, எல்லாம் நல்லபடியாக முடிந்த பிறகுதான் எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

அப்பா குரங்கணியில் ஜீப்பிலிருந்து இறங்கும்போது வழுக்கி விழுந்து ஆபரேஷன் ஆனது உனக்குத் தெரியும். அதற்குப் பிறகு நடந்தது தெரியாது. தோட்டத்துக்கு ஆள் ஏற்றிக்கொண்டு மலை ஏறி இறங்கிய மனுஷன் பொழுதுக்கும் நாற்காலியில். ஜீப்பை வேறு டிரைவரிடம் கொடுங்கள் என்றால் முறைப்பார், உன்னைப் பெண் கேட்டு வந்தவர்களைக்கூட அப்படி முறைத்ததில்லை. கையில் இருந்தது போன் ஒன்றுதான். அதில் யாரோ, ஊரைக் காப்பாற்றுகிறோம் என்று சொல்லிக்கொள்ளும் ஒரு குரூப்பில் அவரைச் சேர்த்துவிட்டார்கள். ஊருக்கு என்ன ஆபத்து என்று கேட்டேன், உனக்கு உலகம் தெரியாது என்றார். ஒரு நாள் பக்கத்து ஊர் தேவாரத்தில் முஸ்லிம்கள் கும்பலாக வந்து நம் ஆட்களை அடிப்பதாக ஒரு வீடியோவைக் காட்டினார். பார்த்தால் பின்னால் ஒட்டகம் நிற்கிறது. தேவாரத்துக்கு யானை வரும், ஒட்டகம் எப்போதிருந்து வருகிறது என்று கேட்டேன். அதற்காக என்னோடு பேச்சை நிறுத்திவிட்டார்.

என் சிரிப்பு அத்தோடு போனது. நீ பிறப்பதற்கு முன்பிருந்து குத்புதீன் மாமாவின் காப்பித்தூள் கடைக்கு லோடு ஏற்றியவர், அந்தக் கடை வழியாகப் போகக்கூடாது என்று வலிக்கிற காலை இழுத்துக்கொண்டு சுற்றுவழியில் போனார். காப்பித்தூள்கூட வேறெங்கோ வாங்கி வந்தார், கொதிக்க வைத்தால் புளியங்கொட்டை வாசம், ஆனாலும் முகம் சுளிக்காமல் குடித்தார். நான் கத்தினேன், அழுதேன், போனுக்கு ரீசார்ஜ் செய்யாமல் விட்டேன். கத்தக் கத்த அவர் இன்னும் இறுகினார். ஒரு காலையில் இட்லி சாப்பிட்டபடியே, "அவிங்கள அடிச்சாத்தான் அடங்குவாய்ங்க" என்றார். ரோட்டில் நாய்க்குட்டி படுத்திருந்தால் வண்டியை நிறுத்தி இறங்கித் தூக்கிவிடுகிற மனுஷன் வாயிலிருந்து இப்படி ஒரு பேச்சு.

மாமா வீட்டு முபீனா அத்தையிடம் போய் எல்லாவற்றையும் கொட்டினேன். மறுநாள் மாமாவே வீட்டுக்கு வந்துவிட்டார். சண்டை பிடிப்பார் என்று நினைத்தேன், அவர் ஒன்றுமே கேட்கவில்லை. "மாப்ளே, புது டிரைவரு லோடோட மேட்டுல நிக்கிறான், வண்டி ஏற மாட்டேங்குதாம். நீ ஒரு வார்த்த சொல்லேன்" என்று போனை நீட்டினார். அப்பா முகத்தைத் திருப்பிக்கொண்டார். போனில் அந்த டிரைவர் கியரைப் போட்டு நசுக்கும் சத்தம் கேட்டது, அதற்குமேல் அவரால் தாங்க முடியவில்லை. "டேய், அது ஜீப்புடா, எருமையில்ல! மொத கியருக்கு வாடா!" என்று தெருவே கேட்கக் கத்தி வண்டியை மேட்டில் ஏற்றிவிட்டுத்தான் ஓய்ந்தார். மாமா நான் கொடுத்த காப்பியை வாயில் வைத்ததும் முகம் கோணியது, ஒன்றும் சொல்லாமல் குடித்து முடித்தார், நல்ல மனுஷன். அப்புறம் ஏதாவது ஒரு சந்தேகத்தோடு அடிக்கடி வந்தார். அப்பா உம்மென்றுதான் இருப்பார், ஆனால் மாமா வருகிற நேரத்துக்குச் சட்டை மாட்டியிருப்பார்.

திருவிழா ஊர்வலத்துக்கு முதல் நாள் அந்த குரூப்பிலிருந்து இரண்டு பேர் ஜீப்பைக் கேட்டு வந்தார்கள். பேசியவன் பெயர் சூர்யபிரகாஷ், காலேஜ் முடித்தவன், அவ்வளவு மரியாதை. "சாவிய மட்டும் குடுங்கய்யா, நம்பர மறச்சிக்கிருவோம், ஒங்களுக்கு ஒரு சோலியுமில்ல" என்றான். அப்பா டிரைவர் புத்தியில் என்ன லோடு என்று கேட்டார். "கல்லும் பாட்டிலுந்தான்யா. ஊர்வலம் கடைத்தெருவுல திரும்பயில ஆரம்பிக்கிறோம், மொதல்ல அந்த குத்புதீன் கடை" என்றான். அடுப்படியில் நான் கரண்டியைக் கீழே போட்டுவிட்டேன். அப்பா மெதுவாக, "பேட்டரி எறங்கிக் கெடக்கு தம்பி, சாயங்காலமா வாங்க" என்று அனுப்பினார். அவர்கள் தெருவைத் தாண்டியதும் தாங்கித் தாங்கிப் போய் பேட்டரியைக் கழற்றி, கொண்டுவந்து நம் அரிசி டிரம்முக்குள் வைத்தார். அரிசியெல்லாம் கிரீஸ், ஆனால் அன்றைக்கு நான் வாயைத் திறக்கவில்லை. மாமாவுக்குப் போன் போட்டு "மாப்ளே, வெரசா வா" என்றார். இரண்டு பேரும் மாமாவின் ஸ்கூட்டரில் போலீஸ் ஸ்டேஷனுக்குப் போனார்கள். மடங்காத காலை அப்பா குறுக்கே நீட்டியிருந்ததால் எதிரே வந்த பஸ்சே ஒதுங்கியதாம்.

போலீசார் கல்லையும் பாட்டிலையும் அன்றே எடுத்துவிட்டார்கள். ஊர்வலம் மேளதாளத்தோடு ஒழுங்காகப் போய்ச் சேர்ந்தது. அது கடைத்தெருவைத் தாண்டும்வரை அப்பா மாமாவின் கடைக்குள் மூட்டைமேல் உட்கார்ந்திருந்தார், நான் போய்க் கூப்பிட்டும் எழுந்து வரவில்லை. சூர்யபிரகாஷ் மேல் கேஸ் நடக்கிறது. அவன் அம்மாவைச் சந்தையில் பார்த்தேன், என்ன சொல்வதென்று தெரியாமல் கையைப் பிடித்துக்கொண்டேன். அப்பா இப்போது மாமா கடையில் உட்கார்ந்து டிரைவர்களை விரட்டுகிறார், காப்பியும் குடிக்கிற மாதிரி ஆகிவிட்டது.

ஒரு நாள் மெதுவாகக் கேட்டேன், இதையெல்லாம் எப்படிங்க நம்பினீர்கள் என்று. அவர் கொஞ்ச நேரம் முழங்காலைத் தேய்த்துக்கொண்டிருந்தார். "அந்தப் பயலுக தெனமும் காலைல, அய்யா சாப்டீங்களா, கால்வலி எப்பிடி இருக்குன்னு கேட்டாய்ங்க சந்திரா. அதுக்குத்தான் மொதல்ல போனப் பாத்தேன். வீடியோவெல்லாம் அப்புறந்தான்" என்றார்.

நோய்நொடி அண்டாமல், நினைத்தது கைகூடி, நீ நன்றாக இருக்க வேண்டும். வேலை முடிந்து வந்தால் அறைக்குள்ளேயே அடைந்து கிடக்காதே, அங்கே நாலு பேரோடு பழகு. இன்னொன்று, மறந்துவிடாதே. நீ போன் செய்து அப்பா எடுத்தால் "அம்மாட்ட குடுப்பா" என்கிறாய், அவரும் உடனே கொடுத்துவிடுகிறார். இந்த ஞாயிற்றுக்கிழமை அவர் நம்பருக்கே போடு. என்னைக் கேட்காதே.

இப்படிக்கு உன் அம்மா,
சந்திரவல்லி வீரணன்
போடிநாயக்கனூர்