பாதிக் கருப்பட்டி

1936 ஆகஸ்ட் 9, ஞாயிறு

மாதா கோயில் பூசை முடிந்து, தேயிலைத் தோட்ட ஆஸ்பத்திரி நர்ஸ் ரோஸ்லினுடன் உக்குவளை தேத்தண்ணிக் கடையில் முதல்முறையாகத் தனியே உட்கார்ந்தேன். அவளுக்குத் தமிழ் தெரியாது. இலங்கைக்கு வந்து ஆறு மாதமாகியும் எனக்குச் சிங்களம் வரவில்லை. பாலும் சீனியும் இல்லாத வெறும் தேத்தண்ணியும் ஆளுக்கொரு கருப்பட்டித் துண்டும் வந்தன. திருநெல்வேலிப் பழக்கத்தில் என் துண்டைக் கோப்பைக்குள் போட்டுக் கலக்கிவிட்டேன்.

"ஐயா, கருப்பட்டியக் கடிச்சுக்கிட்டுத்தாங்க குடிக்கணும்!" என்றார் கடைக்காரர். கடையே சிரித்தது. எழுந்து ஓடிவிடலாம் போலிருந்தது.

ரோஸ்லின் சிரிக்கவில்லை. தன் துண்டை உடைத்து, பாதியைத் தன் கோப்பையில் போட்டு, என்னைப் போலவே கலக்கினாள். மீதியை என் உள்ளங்கையில் வைத்து, கடிக்கும்படி சைகை காட்டினாள். நான் அதைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டேன். அப்போதுதான் சிரித்தாள்.

அந்தப் பாதி இதோ மேசைமேல் இருக்கிறது. தின்ன மனம் வரவில்லை. எறும்புகளை ஊதி ஊதி விரட்டிக்கொண்டே எழுதுகிறேன்.