நான் பிழை போட்ட விடைகள்

என் கண்ணுக்குள்ளேயே நடமாடும் சிப்னாவின் வாப்பாவுக்கு,

உங்கள் மீது ஸலாம் உண்டாகட்டும். நீங்கள் இருந்த நாளில் உங்களைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. இப்போது எழுதவும் கை வரவில்லை. அல்லாஹ் உங்கள் கப்றுக் குழியை வெளிச்சமாக்கி வைக்கட்டும்.

கோபத்தோடுதான் எழுதுகிறேன். யார் மேல் கோபம் என்று கேட்டால் முதலில் உங்கள் மேல். அறுகம்பேயில் வெள்ளைக்காரர்களுக்கு ரொட்டி சுட்டுக்கொண்டே அவர்களோடு இங்கிலீஸில் பகிடி விட்ட மனிதர் நீங்கள். வெள்ளிக்கிழமை வீட்டுக்கு வந்தால், "மகளுக்கு இங்கிலீஸ நான் படிச்சுக் குடுப்பன், நீ யோசிக்காத" என்பீர்கள். எப்போது என்று கேட்டால், "சீசன் முடியட்டும்." எத்தனை சீசன் முடிந்தது? கடைசியாகக் கிறிஸ்மஸுக்கு ஆட்கள் அதிகம் என்று அந்த வெள்ளிக்கிழமை வரவேயில்லை. ஞாயிற்றுக்கிழமை கடல் வந்தது. ஆளைக் கொண்டுபோனது போதாதென்று உங்கள் வாய்க்குள் இருந்த இங்கிலீஸையும் கொண்டுபோய்விட்டது.

இப்போது நாங்கள் வயல் பக்கம் கட்டிக் கொடுத்த வீட்டில் இருக்கிறோம். நாட்டில் சண்டை முடிந்துவிட்டது. கல்முனைச் சந்தியில் வெடி கொளுத்தினார்கள். பஸ்ஸை மறித்து ஆட்களை இறக்கி ஏற்றுவதும் குறைந்திருக்கிறது. சிப்னாவுக்குப் பதினெட்டு வயது. உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டாள். சட்டம் படிக்க வேண்டும் என்று ஒரே பிடி. அதற்கு ஒரு பல்கலைக்கழகம் கொழும்பில் தனியாக நுழைவுப் பரீட்சை வைக்கிறது. அதில் பாதி இங்கிலீஸ்.

ஏன் சட்டம் என்று கேட்பீர்கள். தண்ணீர் வந்த பிறகு முகாமில் ஒரு தாளைக் கொண்டுவந்து கையெழுத்துக் கேட்டார்கள். முழுக்க இங்கிலீஸ். நானும் போட்டேன். கடற்கரையில் நம் வீடு இருந்த காணிக்குத் திரும்பிப் போகமாட்டேன் என்று அதில் எழுதியிருந்ததாம். ஆறு மாதம் கழித்துத்தான் தெரியும். அன்றைக்கு அந்தத் தாளை எனக்குப் பிடித்துக்கொண்டு நின்றவள் சிப்னா. பதின்மூன்று வயது. அவளுக்கும் அது விளங்கவில்லை. அதை அவள் மறக்கவில்லை.

வீட்டுக்குள் வந்து பார்த்தால் சிரிப்பீர்கள். கதவில், அலுமாரியில், உப்புப் பேணியில் எல்லாம் இங்கிலீஸ் சொல் ஒட்டியிருக்கிறாள். ஒரு நாளைக்கு இருபது சொல். தேங்காய் துருவும்போதும் வாய் ஓயாது. ஒரு நாள் என்னைப் பிடித்துக்கொண்டாள்.

"உம்மா, ரிலக்டன்ட் என்டா என்ன? சொல்லுங்க பாப்பம்."

"மனமில்லாம செய்யிற."

"அட, எப்படித் தெரியும்?"

"சட்டி கழுவச் சொன்னா உன்ட மூஞ்சில எழுதியிரிக்கிதானே."

சொல்லோடு முடிந்தால் பரவாயில்லை. ஒரு பக்க நீளத்துக்குப் பந்தி ஒன்று கொடுப்பார்களாம். அதை வாசித்து, கீழே கேட்டிருக்கும் கேள்விக்கு நாலு விடையில் ஒன்றைத் தெரிந்தெடுக்க வேண்டும். ரியூசன் படிப்பிக்கும் சேர் நாற்பது பேப்பர் போட்டோக்கொப்பி எடுத்துக் கொடுத்தார். ஒவ்வொன்றின் பின்னாலும் விடைத்தாள் குத்தியிருந்தது. நேரம் வைத்து நாளுக்கு ஒன்று செய்யச் சொன்னார். கடைசியில் அதே பேப்பர்களை இன்னொரு தரம் செய்ய வேண்டுமாம். தானே திருத்தக் கூடாதாம். ஆனால் இவள் தானேதான் திருத்தினாள். பிழை வந்தால், "இதத்தான் உம்மா போட இருந்தன்" என்று சொல்லிச் சரி போட்டுக்கொண்டாள்.

நான் விடுவேனா? ஐந்தாம் வகுப்போடு நின்றவளுக்கும் ஏ, பி, சி, டி நாலு எழுத்துத் தெரியும். விடைத்தாள் எல்லாவற்றையும் கிழித்தெடுத்து வரிசையாக அடுக்கி பிஸ்கட் பேணிக்குள் போட்டு மூடினேன். அவள் செய்து முடித்ததும் தாளை வாங்கி, எழுத்தோடு எழுத்தை வைத்துப் பார்த்து நானே திருத்தினேன். விடை மனப்பாடமாகிவிடும் என்று தாளைத் திருப்பிக் கொடுக்க மாட்டேன். எத்தனை சரி என்று மட்டும் சொல்வேன். பத்து, ஒன்பது, பதினொன்று என்று வந்துகொண்டிருந்தாள். எனக்குப் பெருமை. உங்கள் மகள் படிக்கிறாள் என்பதைவிட, நான் இங்கிலீஸ் பேப்பர் திருத்துகிறேன் என்ற பெருமை.

பிறகு கச்சான் காற்றுக் காலம் வந்தது. ஒரு பகல் பேணி திறந்து கிடந்த நேரம் காற்று புகுந்து விடைத்தாளெல்லாம் வீடு முழுக்கப் பறந்தது. கட்டிலுக்குக் கீழே, குசினிக்குள், முற்றத்தில் எல்லாம் தேடிப் பொறுக்கி, இருந்த மாதிரியே அடுக்கிவிட்டேன் என்றுதான் நினைத்தேன். அந்தத் தாள்களின் தலைப்பில் இலக்கமில்லை, எந்தப் பந்திக்கு என்று இங்கிலீஸில் ஒரு வசனம்தான். அந்த வசனத்தை வாசிக்க எனக்கு ஏலாது. அதை அவளிடம் காட்டிக் கேட்டிருக்கலாம். கேட்டால் விடையைப் பார்த்துவிடுவாளே.

அன்றிலிருந்து நாலு, மூன்று, ஐந்து. நான் ஏசினேன். கவனமில்லை என்றேன், தொலைபேசியில் கூட்டாளியோடு கதைத்தது போதும் என்றேன். அவள் இரண்டு தரம் வாசிக்கத் தொடங்கினாள். மூன்று தரம் வாசித்தாள். அப்போதும் நாலுதான்.

ஒரு நாள் வந்த பந்தி கடலைப் பற்றியது. வாசித்து முடித்துவிட்டு எனக்குத் தமிழில் சொன்னாள். ஒரு ஊரில் பெரிய அலை வந்து போனது. அதன் பிறகு கடல் உள்ளே வாங்கியது. சனங்கள் ஏன் கரைக்குப் போனார்கள் என்பது ஒரு கேள்வி. விடைகளை எழுதித் தந்தாள். நான் திருத்திவிட்டு நாலு என்றேன்.

"அந்த மீன் பொறுக்கின கேள்வி?"

"அதுவும் பிழை."

"அது எப்படிப் பிழையாகும்? மீன் பொறுக்கத்தான் போனாங்க. நான் கண்டன் உம்மா. நானும் ரெண்டு மீன் பொறுக்கினன்."

அவளுடைய சேர் சொன்னதாக அவளே எனக்குச் சொன்ன ஒரு சட்டம் இருக்கிறது. பந்தியில் உள்ளதைத்தான் எழுத வேண்டும், நம் சொந்தக் கதையை எழுதக் கூடாது. அதை எடுத்து அவளுக்கே வீசினேன். "நீ கண்டத ஆரு கேட்ட? தாள்ல இரிக்கிறதப் பாத்து எழுது."

அவள் பேனையை மூடி வைத்தாள். "அப்ப எனக்கு ஒண்டும் விளங்கல்ல. என்ட கண்ணால கண்டதே வாசிச்சு விளங்கல்லயெண்டா, நான் அங்க போய் என்னத்தச் செய்ய?" என்றாள். அடுத்த நாள் கதவில் இருந்த சொற்களை ஒவ்வொன்றாகப் பிய்த்தெடுத்தாள். பரீட்சைக்கு வரச் சொல்லித் தபாலில் வந்த அட்டையை என் கையில் தந்து, "நான் போகல்ல" என்றாள்.

என் கூடப் பிறந்த காக்கா அந்தக் கிழமையே வந்தார். அவள் படிப்பை விட்டதை யார் சொன்னார்களோ தெரியாது. சம்மாந்துறையில் நெல் ஆலை வைத்திருக்கும் வீட்டு மாப்பிள்ளையாம். இந்த வீட்டைச் சிப்னா பெயருக்கு எழுதினால் போதுமாம், வேறொன்றும் கேட்கவில்லையாம். "படிச்சது காணும். வெள்ளிக்கிழமைக்குள்ள ஒரு முடிவு சொல்லு" என்றார். மகள் தலையைக் குனிந்து, "உங்கட விருப்பம்" என்றாள். அவள் வாயால் அப்படி ஒரு சொல்லை நான் கேட்டதில்லை. எனக்கும் ஆறுதலாகத்தான் இருந்தது, பொய் சொல்ல மாட்டேன். யோசிக்கிற வேலை ஒழிந்தது.

வியாழக்கிழமை பேப்பர்களை ஒதுக்கிக் கட்டலாம் என்று எடுத்தேன். கடல் பேப்பர் மேலே இருந்தது. அதில் கேள்வி பன்னிரண்டு. நான் வைத்துத் திருத்திய விடைத்தாளில் விடை பதினைந்து. அன்றைக்கே மூன்றுக்கு அவள் பக்கம் வெறுமையாக இருந்ததைக் கண்டேன்தான். நேரம் காணாமல் விட்டுவிட்டாள் என்று அந்த மூன்றுக்கும் பிழை போட்டிருக்கிறேன். பேப்பரில் இல்லாத கேள்விக்குப் பிழை. இன்னொன்றை எடுத்தேன், கேள்வி பத்து, விடை பன்னிரண்டு. விரல் விட்டு எண்ணினேன். காற்றில் பறந்த விடைத்தாள்களை நான் மாற்றி அடுக்கியிருக்கிறேன். எனக்கு எண்ணத் தெரியும். மூன்று கிழமையாக ஒரு தரம்கூட எண்ணிப் பார்க்கவில்லை.

பேசாமல் இருந்துவிடலாமா என்று நினைத்தேன். அதை உங்களிடம் மறைத்து என்ன ஆகப்போகிறது? மாப்பிள்ளை நல்ல இடம். அவளும் ஓம் என்றுவிட்டாள். கட்டிப் பரணில் போட்டால் முடிந்தது. ஒரு லுஹர் தொழுகை நேரம் முழுக்க அந்த நினைப்போடுதான் இருந்தேன். தொழுகையில் எத்தனை ரக்அத் முடித்தேன் என்ற கணக்கும் பிசகிவிட்டது.

அவள் கிணற்றடியில் மீன் கழுவிக்கொண்டிருந்தாள். பேணியைக் கொண்டுபோய் முன்னால் வைத்துச் சொன்னேன்.

கையில் இருந்த மீனைக் கீழே வைக்கவில்லை. "மூணு கிழமை, உம்மா," என்றாள். அவ்வளவுதான். ஏசியிருந்தால் தாங்கியிருப்பேன்.

கை கழுவி வந்து நிலத்தில் இருந்து, நாற்பது தாளையும் வாசித்து வாசித்துப் பொருத்தினாள். கடல் பேப்பருக்குப் பன்னிரண்டில் பதினொன்று. "மீன் கேள்வி?" என்று நான்தான் கேட்டேன். "சரி," என்றாள். என் முகத்தைப் பார்க்கவில்லை. பிறகு கையை நீட்டினாள். "அந்த அட்டையத் தாங்க."

வெள்ளிக்கிழமை காக்காவிடம் போய் இப்போது வேண்டாம் என்றேன்.

"மச்சான் இருந்திருந்தா இப்படி விட்டிருக்க மாட்டார்," என்றார்.

"அவர் இருந்திருந்தா அவள்ட பேப்பர நான் திருத்தியிருக்க மாட்டன்," என்றேன். சரியாகச் சொன்னேனா? நீங்கள் என்ன சொல்லியிருப்பீர்கள்? அந்த நெல் ஆலைக்காரர்கள் வேறு இடம் பார்க்கத் தொடங்கிவிட்டார்கள். காக்கா எங்கள் வீட்டுப் பக்கம் வருவதில்லை. பரீட்சைக்கு இன்னும் பதினொரு நாள். அவள் விட்டிருந்த நாட்களில் படிக்க வேண்டிய சொல்லெல்லாம் படிக்காமல் கிடக்கிறது. மகள் இப்போது தாளைத் தோழியிடம் கொடுத்துத் திருத்துகிறாள். என்னோடு சாப்பாட்டுக் கதை மட்டும்தான் கதைக்கிறாள். ஒரு விடையில் நிற்கும்போது இப்போதும் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு, எழுதியதை வெட்டி மாற்றுகிறாள். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. நான் போட்ட பிழை அவள் கைக்குள் இன்னும் இருக்கிறது. அதை எப்படி எடுப்பது என்று யாரிடம் கேட்பேன்?

உங்களுக்கு ஒரு வாக்குத் தருகிறேன். கொழும்புக்கு நானே கூட்டிக்கொண்டு போவேன். அவள் உள்ளே போனால் வாசலில் இருப்பேன். வெளியே வந்ததும் என்ன எழுதினாய், எது சரி, எது பிழை என்று வாயைத் திறக்க மாட்டேன். அவள் தவறினால் அவளுடைய தவறாகவே இருக்கட்டும், அதற்கும் நான் அவளோடுதான் வீடு திரும்புவேன். அடுத்த வருடம் எழுதுகிறேன் என்றால் எழுதட்டும். அவள் மனமார ஓம் என்று சொல்லாத எதற்கும் இனி நான் ஓம் சொல்வதில்லை.

இப்படிக்கு,
உங்கள் சிப்னாவின் உம்மா