இங்கபோர்க் விற்பனைக்கு

ஏப்ரல் 15, திங்கள்

பம்ப் ஓடுகிறது! படகின் அடித்தட்டில் தேங்கும் தண்ணீரை வெளியே தள்ளும் பம்ப். புதுசுதான் வாங்க வேண்டும், இது செத்துப்போச்சு என்றான் கடைக்காரன். ஒரு தையல் மெஷின் மோட்டாரின் கார்பன் பிரஷ்ஷைத் தேய்த்துச் சின்னதாக்கி உள்ளே போட்டேன். செத்தது எழுந்து உட்கார்ந்து தண்ணீர் துப்புகிறது. அவனிடம் போய்ச் சொல்ல வேண்டும். சொல்லாமல் விடமாட்டேன்.

இரண்டு மணி நேரம் தலைகீழாகக் கிடந்ததில் கழுத்து திரும்பவில்லை. மப்ரூக்கா தைலம் தேய்த்துக்கொண்டே, "உன் வயசுக்காரிங்க எல்லாம் மக்கா போயிட்டு வர்றாங்க அக்கா, நீ படகுக்கு அடியில போயிட்டு வர்ற" என்றாள். தங்கை என்று ஒருத்தி வேண்டும்தான், ஆனால் இவ்வளவு வாயோடு வேண்டியதில்லை.

போன வருஷம் முட்டி ஆபரேஷன் ஆன ஒரு ஜெர்மன்காரர் இந்த இங்கபோர்க் படகை என்னிடம் விற்றுவிட்டுப் போனபோது அது பல்லுப்போன கிழவி மாதிரி இருந்தது. பெயர் அவருடைய மனைவியுடையதாம். மாற்றவில்லை. பிஸர்தா ஊரில் யார் வாயிலும் நுழையவில்லை என்பதற்காக ஒரு பெயரை மாற்றுவதா? இன்று பாருங்கள். வயர் எல்லாம் என் கையால் போட்டது. அடிப்பாகம் முழுக்கப் பாசியும் சிப்பியும் ஒட்டாத பச்சைப் பெயிண்ட், பின்னால் சுழன்று படகைத் தள்ளும் விசிறியைத் தவிர ஒரு நட்டு, ஒரு போல்ட் விடாமல். அசிங்கமாகச் சாம்பல் நிறத்தில் தொங்கிய துத்தநாகக் கட்டிகளுக்கும் சேர்த்து.

ஏப்ரல் 19, வெள்ளி

பக்கத்துப் படகு ரயிஸ் புபக்கர் இன்று வந்து நின்றார். இழுவைக் கப்பலில் நாற்பது வருஷம் தலைவராக இருந்தவர். ஓய்வு பெற்றும் எல்லோரும் ரயிஸ், அதாவது கேப்டன், என்கிறார்கள். என்னை மட்டும் அவர் 'தையல்கார லல்லா' என்கிறார், தையல்கார அம்மாவாம். நான் தைத்தவள் இல்லை, தைக்கிற மெஷினை ரிப்பேர் செய்தவள் என்று எத்தனை முறை சொல்வது?

அவருடைய துத்தநாகம் கரைகிறதாம். ஒரு வருஷம் வரவேண்டியது ஆறு வாரம்கூட வரவில்லையாம். துத்தநாகம் எதற்கு என்று எனக்கே பாடம் எடுத்தார். உப்புத் தண்ணீர் எந்த உலோகத்தையாவது தின்றுகொண்டே இருக்கும், இந்தக் கட்டியைக் கொடுத்தால் இதைத் தின்றுவிட்டு விசிறியை விட்டுவிடும் என்று. தெரியாதா எனக்கு? பிறகு மெதுவாக, துறையில் எல்லோருக்கும் ஒரே கம்பத்திலிருந்துதான் கரண்ட் வருகிறது, யாரோ வயரிங்கை வீட்டிலேயே கற்றுக்கொண்டு போட்டிருக்கிறார்கள் போல என்றார்.

யாரோ!

ஏப்ரல் 20, சனி

ஒவ்வொரு வயரையும் டெஸ்டர் வைத்துப் பார்த்தேன். என் வயரிங் பால் போல் சுத்தம்.

ஏப்ரல் 22, திங்கள்

சொல்லிவிட்டேன். கோபத்தில்தான். ஆனாலும் சொன்னது சொன்னதுதான்.

காலையில் அவர் காவலாளி ஃபவ்ஸியிடம், என் காதில் விழட்டும் என்றே, பழைய படகை வாங்குகிறவர்கள் முதலில் ஒரு மெக்கானிக்கையும் வாங்கிக்கொள்ள வேண்டும் என்றார். எனக்குத் தலைக்கு மேல் ஏறிவிட்டது. முப்பத்தோரு வருஷம் அந்த ஜீன்ஸ் கம்பெனியில் நான் ஓட வைத்த மெஷின்கள்! சம்பளச் சீட்டில் கடைசிவரை 'உதவியாள்'. நான் சரிசெய்த மெஷினுக்கெல்லாம் கையெழுத்துப் போட்டவன் டிப்ளமா வைத்திருந்த ஒருத்தன். அவனுக்கு ஸ்பேனர் எந்தப் பக்கம் திரும்பும் என்றே தெரியாது. இப்போது இந்தக் கிழவர் வேறு.

"ரயிஸ், என் துத்தநாகத்த நீங்களே முங்கிப் பாருங்க. போட்ட அன்னிக்கு எப்படி இருந்துச்சோ அப்படியே இருக்கு. படகு வச்சிக்கிறதுன்னா அப்படி வச்சிக்கணும். தப்பு என் படகுலதான்னு தெரிஞ்சா, வாங்கின விலைக்கே இத உங்களுக்குக் குடுத்துட்டுப் போயிடுறேன்."

துறையே கேட்டது. அவர் சூரியகாந்தி விதையைக் கடித்துத் தோலைத் தண்ணீரில் துப்பினார்.

ஏப்ரல் 23, செவ்வாய்

மப்ரூக்கா காபியில் சர்க்கரை போடவில்லை. கேட்டால், "அதையும் நீ யாருக்காவது குடுத்துடுவியோன்னு எடுத்து வச்சிட்டேன்" என்கிறாள்.

மே 6, திங்கள்

காற்று இல்லை. கடல் தட்டு மாதிரி. கால்வாய் வாய்வரை தனியாகப் போய் வந்தேன். டீசல் போடும் இடத்தில் பையன் என் படகின் கயிற்றை வாங்கிக்கொண்டு, பக்கத்தில் நின்ற ரயிஸைப் பார்த்து, எத்தனை லிட்டர் என்று கேட்டான். என் படகு! என் டாங்க்! நான் அங்கேயே நிற்கிறேன்! ரயிஸ், "எனக்கென்ன தெரியும், தையல்கார லல்லாவக் கேளு" என்றார். பையன் சிரித்தான். டீசல் போட்டுக்கொண்டு திரும்பிப் பார்க்காமல் வந்துவிட்டேன்.

ஆனால் திரும்பும்போது, இன்ஜினை மெதுவாக்கி, பாலத்துக்கு முன்னால் சும்மா மிதந்தேன். அடியில் அந்த உறுமல் உள்ளங்காலில் ஏறும். நானே பிரித்து நானே மாட்டிய உறுமல். அறுபத்தாறு வயதில் எனக்கென்று ஒன்று. கானி தீவுக்கு இந்தக் கோடையில் போயே தீருவேன். கலங்கரை விளக்கத்தைக் கரையிலிருந்தே பார்த்துப் பார்த்துக் கண் பூத்துவிட்டது.

இதை அவருக்கு ஏன் கொடுக்கப் போகிறேன்? தப்பு என்னிடம் இருந்தால்தானே.

மே 25, சனி

ஒரு மாதமாக ரயிஸ் தன் கரண்ட் கேபிளைக் கம்பத்திலிருந்து கழற்றி வைத்திருந்தார். பரிசோதனையாம். குளிர்பெட்டி ஓடாமல் பிடித்த மீனெல்லாம் பூனைக்குப் போயிற்று. இன்று முட்டி வலியோடு கண்ணாடி மாட்டிக்கொண்டு முங்கி, துத்தநாகத்தைப் பார்த்துவிட்டு வந்தார். கரையவே இல்லை.

"பாத்தீங்களா, உங்க படகுகூட சேராம இருந்தா என்னுது நல்லாருக்கு" என்றார். உங்கள் கேபிளைக் கழற்றியதும் நோய் போய்விட்டதென்றால் நோய் உங்கள் கேபிளில் என்றேன். ஃபவ்ஸியை நடுவராகக் கூப்பிட்டோம். அவன் இருவர் சொல்வதும் சரி என்றான். அவனுக்கு இரண்டு படகிலிருந்தும் மீன் வருகிறது.

ஜூன் 4, செவ்வாய்

வருஷாந்திரப் பெயிண்டுக்காக இன்று கிரேன் இங்கபோர்க்கைத் தூக்கியது.  மரக்கட்டை மேல் இறக்கினார்கள். எல்லோரும் சாப்பிடப் போனதும் நான் சுரண்டியை எடுத்துக்கொண்டு அடியில் நுழைந்தேன்.

துத்தநாகம் அப்படியே இருந்தது. பச்சையைச் சுரண்டினால் உள்ளே வார்ப்பில் பதித்த எண்கூட அழியவில்லை. ரயிஸைக் கூப்பிட்டுக் காட்டலாம் என்று எழுந்தேன்.

அப்போதுதான் விசிறியைப் பார்த்தேன். ஓரத்தில் இளஞ்சிவப்பாகத் திட்டு. நகத்தால் கீறினால் பிஸ்கட் மாதிரி உதிர்கிறது. ஏப்ரலில் நானே முங்கித் துடைத்த விசிறி. அப்போது தங்கம் மாதிரி மின்னியது.

வாளியைக் கவிழ்த்து உட்கார்ந்தேன்.

கம்பெனிக்குப் புது மெஷின்கள் வந்த வருஷம், பெண்களுக்கு ஷாக் அடித்துக்கொண்டே இருந்தது. நான்தான் கண்டுபிடித்தேன். எர்த் வயரைப் பெயிண்டுக்கு மேலேயே திருகியிருந்தார்கள். பெயிண்டுக்கு மேல் மாட்டிய எர்த் மாட்டாததற்குச் சமம். திருகாணிக்கு அடியில் சுரண்டி, இரும்பு பளிச்சென்று தெரிந்த பிறகுதான் மாட்ட வேண்டும். ஒவ்வொரு மெஷினாக நான் சுரண்டினேன். நான்!

அதே நான், துத்தநாகத்துக்கு இரண்டு கோட்டிங் பெயிண்ட் அடித்திருக்கிறேன். அழகாக இருக்கட்டும் என்று.

கடலால் என் துத்தநாகத்தைத் தொடவே முடியவில்லை. கம்பத்தில் இரண்டு படகையும் சேர்க்கும் எர்த் வயர் வழியாகப் பக்கத்துப் படகில் போய்த் தின்றிருக்கிறது. ஒரு வருஷமாக என் விசிறியைக் காப்பாற்றியது அவருடைய கட்டி. அவர் கேபிளைக் கழற்றிய ஒரே மாதத்தில் என் விசிறி அழுக ஆரம்பித்துவிட்டது.

என் வயரில் தவறில்லை. அதை இப்போதும் சொல்வேன். ஆனால் வயரென்று நான் சொல்லவில்லையே. படகு என்றுதானே சொல்லித் தொலைத்தேன்.

ஜூன் 5, புதன்

மப்ரூக்காவிடம் மட்டும் சொன்னேன். கேட்டு முடித்து, கூஸ்கூஸை எனக்குத் தள்ளிவிட்டு, "சுரண்டிப் போட்டுட்டுப் புதுசு மாட்டிடு அக்கா. எவன் வந்து படகுக்கு அடியில படுத்துப் பாக்கப் போறான்?" என்றாள்.

யாரும் பார்க்கமாட்டார்கள். உண்மைதான். அவருடைய துத்தநாகம் கரைவது நிற்கும், தன் கேபிள் தானாகவே சரியாகிவிட்டது என்று அவர் நினைத்துக்கொள்வார். இங்கபோர்க் என்னிடமே இருக்கும். கானி தீவு.

மத்தியானம் முழுக்க சுரண்டினேன். கை சுரண்டியது, மனசு வேறெங்கோ. வேலை செய்தது அவருடைய கட்டி. 'படகு வச்சிக்கிறதுன்னா அப்படி வச்சிக்கணும்' என்று பெயர் வாங்கிக்கொண்டது நான். இதை யார் யாருக்குச் செய்தார்கள் என்று எனக்குத் தெரியாதா? அந்த டிப்ளமாக்காரன் மூஞ்சி கண்ணுக்குள்ளேயே நிக்குது. அவன் மாதிரி ஆகிறதுக்கா நான் இத்தன வருஷம் பொருமிக்கிட்டு இருந்தேன்?

போகட்டும். கொடுத்துவிட வேண்டியதுதான்.

ஜூன் 6, வியாழன்

படகின் பத்திரங்களை ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டு எடுத்துப் போனேன். அவர் தூண்டில் நரம்பைச் சிக்கெடுத்துக்கொண்டிருந்தார். நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன், பெயிண்ட், விசிறி, இளஞ்சிவப்பு எல்லாம். பையை அவர் மடியில் வைத்தேன். எங்கே கையெழுத்துப் போட வேண்டும் என்று கேட்டேன்.

மனிதர் இருமல் வரும்வரை சிரித்தார். "துத்தநாகத்துக்கா பெயிண்ட் அடிச்சீங்க? துத்தநாகத்துக்கா?"

சிரித்து முடிந்தால் கையெழுத்துப் போடலாம் என்றேன்.

கண்ணைத் துடைத்துக்கொண்டு பையைத் திருப்பி நீட்டினார். "விக்கிறேன்னு நீங்க சொன்னீங்க, லல்லா. வாங்குறேன்னு நான் எப்பச் சொன்னேன்? என் முட்டிக்கு ஒரு படகே அதிகம். இதுல இந்தப் பச்சத் தவளைய வேற நான் எங்க கொண்டுபோய்க் கட்டுறது?"

நான் விடவில்லை. ஃபவ்ஸியைக் கூப்பிட்டு, அன்றைக்கு ரயிஸ் என்ன பதில் சொன்னார் என்று கேட்டேன். அவன் நன்றாக யோசித்து, "ஒண்ணும் சொல்லல. விதை தோலத் துப்புனாரு" என்றான்.

என்ன அநியாயம் இது. சொன்ன சொல்லைக் காப்பாற்றக்கூட ஒருத்தியை விடமாட்டார்களா? என் சொல் அப்படியே நிற்கிறது, எப்போது வாங்கிக்கொள்கிறேன் என்றாலும் கொடுத்துவிடுவேன் என்று சொல்லிவிட்டு வந்தேன். வரும்போது பை கையில் கனக்கவில்லை. அதை ஒத்துக்கொள்கிறேன்.

ஜூன் 9, ஞாயிறு

புதுத் துத்தநாகம் மாட்டி, சுரண்டிய விசிறியோடு இங்கபோர்க் தண்ணீரில் இறங்கியது. துத்தநாகம் சாம்பல் நிறத்தில் அசிங்கமாக இருக்கிறது. இருக்கட்டும்.

ரயிஸ் கயிறு பிடிக்க வந்தார். வாங்கிக்கொள்கிறீர்களா என்று கேட்டேன். வேண்டாம் என்றார்.

ஜூன் 17, திங்கள்

பெருநாள் கறியில் தொடைப் பக்கம் ரயிஸுக்கு எடுத்துப் போனேன். இது நீங்கள் தின்ற என் துத்தநாகத்துக்குக் கணக்கா என்று கேட்டார். கணக்கென்றால் ஆட்டையே ஓட்டி வந்திருப்பேன் என்றேன். படகை வாங்கிக்கொள்கிறீர்களா என்று ஞாயிறுதோறும் கேட்பதாக வைத்திருக்கிறேன், நேற்று விட்டுப்போனதால் இன்று கேட்டேன். வேண்டாமாம்.

ஜூலை 14, ஞாயிறு

வேண்டாம் என்றார். மப்ரூக்கா சிரிக்காமல் கேட்டாள், "ஒருநாள் சரின்னுட்டா?"

கொடுத்துவிடுவேன். வேறென்ன செய்ய முடியும். ஞாயிறு காலையில் அவர் காபிக்கு வரும் முன்னால், பாத்திரத்தை அடுப்பில் வைத்துவிட்டுப் பற்றவைக்க மறந்துவிடுகிறேன். வயசுதான்.

ஜூலை 21, ஞாயிறு

கானி தீவு!

ரயிஸும் வந்தார். பயணியாக மட்டும், சுக்கான் பக்கம் வரக்கூடாது என்று சொல்லித்தான் ஏற்றினேன். பாறைகளை நெருங்கும்போது அவர் கை இரண்டையும் தொடைக்கு அடியில் வைத்து அமுக்கிக்கொண்டதைப் பார்த்தேன்.  அது அவருக்கு எவ்வளவு கஷ்டம் என்று எனக்குத் தெரியும். கலங்கரை விளக்கத்துக்குக் கீழே நங்கூரம் போட்டு, மப்ரூக்கா கட்டிக் கொடுத்த ரொட்டியும் ஹரிசா மிளகாய் விழுதும் பொரித்த மீனும் தின்றோம். மப்ரூக்கா கரையிலிருந்தே பிரார்த்தனை செய்வதாகச் சொல்லியிருந்தாள்.

திரும்பும் வழியில் ரோந்துப் படகு வந்தது. அதிகாரி நேராக அவரைப் பார்த்து, "ரயிஸ், பேப்பர் காட்டுங்க" என்றார்.

அவர் ஆரஞ்சு உரிப்பதை நிறுத்தவில்லை. மோவாயால் என்னைக் காட்டினார். "நான் சும்மா வந்தவன். ரயிஸ் அதோ நிக்கிறாங்க."

பிளாஸ்டிக் பையை எடுத்துக் காட்டினேன். கரை வந்ததும், வாங்கிக்கொள்கிறீர்களா என்றேன். இன்றைக்கு வேண்டாம் என்றார். அதென்ன புதிதாக, இன்றைக்கு?

செப்டம்பர் 8, ஞாயிறு

முங்கிப் பார்த்தேன். துத்தநாகம் நன்றாகக் கரைந்திருக்கிறது, குளியலறையில் தேய்ந்த சோப்பு மாதிரி, அங்கங்கே குழி. கடல் என் பொருளைத் தின்றதற்கு இவ்வளவு சந்தோஷப்பட்ட பைத்தியம் இந்த ஊரில் நானாகத்தான் இருப்பேன். மேலே வந்து ரயிஸிடம் உங்களுடையது எப்படி என்றேன். புதுசு போலவே இருக்கிறதாம். பெயிண்ட் அடித்துவிட்டீர்களோ என்று கேட்டேன்.

வேண்டாம் என்றார்.

செப்டம்பர் 28, சனி

ரயிஸின் படகில் ஓர் அட்டை தொங்குகிறது: விற்பனைக்கு. முட்டி இனி தாங்காதாம், தளத்தில் ஏறி இறங்க மகன் விடமாட்டேன் என்கிறானாம். ஸ்ஃபாக்ஸ் ஊரிலிருந்து ஓர் ஆள் வந்து பார்த்துவிட்டுப் போனான்.  

அக்டோபர் 4, வெள்ளி

பக்கத்து இடம் காலி. தண்ணீரில் விதைத்தோல் ஒன்றிரண்டு மிதக்கிறது.

அக்டோபர் 6, ஞாயிறு

வரமாட்டார் என்று நினைத்து ஒரு கப்தான் எடுத்து வைத்தேன். பத்து மணிக்கு ஃபவ்ஸியின் தோளைப் பிடித்துக்கொண்டு வந்தார். அவர் கொண்டுவந்த பையில் மிச்சமிருந்த இரண்டு துத்தநாகக் கட்டிகள், எனக்காம், இனி அவருக்கு எதற்கு. ஃபவ்ஸியின் மறு கையில் தூண்டில் பெட்டி.

இன்னொரு கப் எடுத்தேன். காபி ஊற்றினேன். இங்கபோர்க்கை வாங்கிக்கொள்கிறீர்களா என்று கேட்டேன். இப்போது அவருக்குப் படகில்லை, கையில் காசிருக்கிறது. கேட்காமல் விட்டிருக்கலாம். ஆனால் ஞாயிறு.

அவர் படகை ஒரு முனையிலிருந்து மறு முனைவரை பார்த்தார். விதையைக் கடித்தார். தோலைத் துப்பினார்.

"வேணாம்" என்றார். பிறகு, "தூண்டில் பெட்டிய எங்க வக்கட்டும், ரயிஸ்?"

இடது பக்க இருக்கைக்கு அடியில் இடம் இருக்கிறது என்றேன்.