சிங்க் மேடையின் உயரம்

யேரின் அப்பா,

கிம்ச்சிக் குழம்பைச் சுடவைத்துச் சாப்பிடுங்கள். பத்து மணிக்கு, சமையலறையை மாற்றிக் கட்ட அளவெடுக்க ஆள் வருவார். அதற்குள் கீழ்வீட்டம்மாவுக்கு நகராட்சி விலைக்கு விற்கிற குப்பைப் பை ஒரு கட்டு அன்பளிப்பாகக் கொடுத்து, இடிக்கிற சத்தத்துக்கு மன்னிப்புக் கேட்டு, சம்மதக் கையெழுத்து வாங்கிவிடுங்கள்.

நேற்று, "பாத்திரம் கழுவ மெஷினா? அந்தக் காசுக்கு நானே கழுவிட்டுப் போறேன்!" என்று கத்தினீர்களே, யோசித்துப் பார்த்தேன். நீங்கள் சொன்னதுதான் சரி. மெஷினை வேண்டாமென்று சொல்லிவிட்டேன். பட்ஜெட்டுக்குள் வந்துவிட்டது.

சிங்க் மேடையை மட்டும் உங்கள் உயரத்துக்கு வைக்கச் சொன்னேன். தினமும் குனிந்தால் உங்கள் இடுப்பு தாங்காது.

சோன்ஜா

பி.கு.: அந்த உயரம் எனக்கு எட்டாதுதான். ஒரு பலகை போட்டு ஏறி, பக்கத்தில் நின்று துடைத்துத் தருகிறேன்.