கூடின வட்டி

செப்டெம்பர் 14, ஞாயிறு
காலையிலிருந்து காற்று, தூசி. முதலாளி வீட்டில் கல்யாணம், நான் வேலை செய்யும் துணிக்கடை பூட்டு. சொல்லாமல் கொள்ளாமல் தேயிலைத் தோட்டத்துக்கு, அம்மா வீட்டுக்கு வந்தேன். லுணுகலையில் இறங்கி மரக்கறி, மீன், அம்மாவின் முட்டிக்குத் தைலம்.

வீடு பூட்டியிருந்தது. பக்கத்து வீட்டுச் சரோஜா அக்கா, "அம்மா கைக்காசுக்குப் போயிருக்காங்க. ஒனக்குத் தெரியாதா?"

தெரியாது. ஞாயிற்றுக்கிழமைகளில் ஓய்வுபெற்றவர்களும் போய்க் கொழுந்தெடுக்கலாம். கிலோவுக்கு இவ்வளவு என்று அன்றைக்கே கையில் காசு. அம்மா மாதக்கணக்காகப் போகிறாராம். நான் வருவது பௌர்ணமிப் போயா லீவுக்குத்தான், அதனால் கண்ணில் படவில்லை.

மதியம் நொண்டிக்கொண்டே வந்தார். முட்டியில் பழைய துணி கட்டு. ஏன்மா என்றேன்.

"மருந்து வாங்கணும், மொய் வைக்கணும். அதுக்கெல்லாம் ஒன்கிட்ட கேட்டுக்கிட்டு இருப்பாங்களா?"

ஓய்வுபெற்றபோது அம்மாவுக்கு வந்த ஈ.பி.எப். காசு முழுவதையும் ஐந்து வருட எப்.டி.யாகக் கட்டிப்போட்டது நான். பேங்கில் கேட்டார்கள், வட்டி மாதாமாதமா, முடிவிலா என்று. அம்மா மெதுவாக என் கையைத் தொட்டு, "மாசாமாசம் கொஞ்சம் கைக்கு வருமா?" என்றார். முடிவில் எடுத்தால் வட்டி வீதம் கூடுதல். "சும்மா இரும்மா, நட்டம்" என்று எல்லார் முன்னாலும் அவர் வாயை அடைத்தேன். என் காசா அது?

மீன் குழம்பு நன்றாக இருந்தது. பாதியில் கை கழுவினேன்.

15, திங்கள்
பதுளைக்குத் திரும்பியாயிற்று. கடையில் புதுச் சரக்கு, விலை ஒட்டும் வேலை. டீ நேரத்தில் வசந்தி, "அக்கா, சீட்டுக் காச எப்.டி. போடவா?" என்றாள். கடைப் பிள்ளைகளுக்கு நான்தானே பண விசயத்தில் பெரிய ஆள். "மொதல்ல அவசரத்துக்கு ஆறு மாசச் செலவத் தனியா வை. மிச்சத்த மட்டும் போடு" என்றேன். சொல்லி முடிக்கும்போதே நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது. வீடியோ பார்த்து ஊருக்கெல்லாம் சொல்கிறேன். பெற்றவளுக்கு ஒரு மாதச் செலவுகூட எடுத்து வைக்கவில்லை.

வாங்க: சோப், போனுக்கு ரீலோட், அம்மாவுக்குச் சீனி வியாதி மாத்திரை.

17, புதன்
சாப்பாட்டு நேரத்தில் பேங்க். எப்.டி. அம்மா, நான் இரண்டு பேர் பெயரிலும், யார் கையெழுத்துப் போட்டாலும் போதும். கவுண்டரில் இருந்தவர், "இப்ப ஒடச்சா கொறஞ்ச வீதந்தான் மிஸ்" என்று கணக்குப் போட்டுக் காட்டினார். எவ்வளவு போகும் என்று பார்த்ததும் எழுந்து வெளியே வந்துவிட்டேன். பஸ் ஸ்டாண்ட் வரைக்கும் வட்டியைத்தான் நினைத்தேன், அம்மாவின் முட்டியை இல்லை. எனக்கே என்னைப் பிடிக்கவில்லை.

18, வியாழன்
திரும்பப் போனேன். உடைத்தாயிற்று. ஆறு மாதச் செலவு அம்மாவின் சேமிப்புப் புத்தகத்தில். மிச்சம் ஒரு வருடத்துக்கு, வட்டி மாதாமாதம். முதலிலேயே செய்திருக்க வேண்டியது இவ்வளவுதான்.

இரவு போன். எப்.டி.யை உடைத்ததைச் சொன்னேன். "இனிமே கைக்காசுக்குப் போகாதீங்கம்மா."

"எவ்வளவு போச்சு?"

சொன்னேன். பொய் சொல்லியிருக்கலாம். அம்மா, "சரி புள்ள. சாப்பிட்டியா?"

மனசு லேசாகத்தான் இருந்தது.

21, ஞாயிறு
வெயில். கடையில் கூட்டம். அம்மா போனை எடுக்கவில்லை. பத்து மணிபோலச் சரோஜா அக்காவுக்கு அடித்தேன்.

"கைக்காசுக்குத்தான் போயிருக்காங்க."

"அதான் காசு கைக்கு வந்துருச்சே அக்கா."

"புள்ள ஆசையா போட்ட வட்டி என்னால போச்சு, அந்தக் காச சம்பாரிச்சுக் குடுத்துட்டு நிப்பாட்டிக்கிறேன்னாங்க. ஒங்கிட்ட சொல்ல வேணாம்னாங்க."

தோட்டத்துக்குப் போக முதலாளியிடம் அரைநாள் லீவு கேட்டேன். ஞாயிற்றுக்கிழமை முடியாது என்றார்.